கல்ஃப் கில்லி மீன்: சதுப்பில் பிடிப்பது முதல் தொட்டியில் வளர்த்து விற்பது வரை முழுமையான வழிகாட்டி

மெக்சிகோ வளைகுடாவின் வடகரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு சின்ன மீனைத் தெரியாமல் இருக்காது. லூசியானாவில் அதை கோகஹோ என்பார்கள், அலபாமாவில் புல் மின்னோ, டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மட் மின்னோ. அறிவியல் பெயர் ஃபண்டுலஸ் கிராண்டிஸ். ஃபுளோரிடாவின் வடகிழக்குக் கரையில் தொடங்கி வளைகுடாவைச் சுற்றி மெக்சிகோவின் வெராக்ரூஸ் வரை கழிமுகங்களிலும் உப்புச் சதுப்புகளிலும் வாழ்கிறது. வழக்கமாக 7 முதல் 10 செ.மீ. நீளம், அரிதாக 15 செ.மீ.யைத் தாண்டும். மனிதர் உணவுக்கு யாரும் இதை வாங்குவதில்லை. பெரிய மீனுக்கு உயிர் இரையாகத்தான் இதற்குச் சந்தை.

இந்த மீனோடு தொடர்புள்ள தொழில்நுட்பம் முழுவதும் சதுப்பில் அது ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதிலிருந்து வந்ததுதான். ஆகவே பொறி, தொட்டி, தீவனம் பற்றிப் பேசும்முன் அது வாழும் இடத்தைப் புரிந்துகொள்வது அவசியம். அதைத் தவிர்த்துவிட்டு நேராகத் தொட்டி கட்டுகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

முதல் படி: சரியான மீனை அடையாளம் காணுதல்

உடல் தடித்து உருண்டிருக்கும். தலையின் மேற்புறம் தட்டை. வாய் மேல்நோக்கித் திறக்கும். முதுகுத் துடுப்பு ஒன்றுதான், அதுவும் உடலின் பின்பாதியில். வால் துடுப்பு வட்டமாக முடியும். பெண்மீன் ஒரே சீரான ஆலிவ்-வெள்ளி நிறம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மீனின் முதுகு கருநீலப் பச்சையாகும், வயிறு மஞ்சள் ஏறும், உடலிலும் துடுப்பிலும் வெளிர் புள்ளிகள் தெளித்தாற்போல் தெரியும்.

ஒரே பொறியில் கூடவே விழும் மூன்றைப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஷீப்ஸ்ஹெட் மின்னோ குட்டையாக, அகன்று இருக்கும். நீள்மூக்குக் கில்லி மீனுக்கு மூக்கு நீண்டு, உடலில் செங்குத்துக் கோடுகள் ஓடும். செய்ல்ஃபின் மோலியின் ஆணுக்கு முதுகுத் துடுப்பு பாய்மரம்போல் உயரமானது. வடகிழக்கு ஃபுளோரிடாவில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: அங்கே அட்லாண்டிக் கரையின் உறவினமான மம்மிச்சாக் இதோடு கலந்து வாழ்கிறது, கலப்பினமும் உண்டு. லென்ஸ் வைத்துக் கீழ்த்தாடையின் அடியில் பாருங்கள். கல்ஃப் கில்லிக்கு ஒவ்வொரு பக்கமும் 5 நுண்துளைகள், மம்மிச்சாக்குக்கு 4.

இரண்டாம் படி: ஓதத்தையும் சதுப்பையும் படித்தல்

ஓதம் என்பது கடல்நீர் ஏறி இறங்குவது. வடக்கு வளைகுடாவின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரே ஒரு ஏற்றம், ஒரே ஒரு வற்றல்தான். ஏற்றத்தின் உயரத்தை அங்கே முக்கியமாகத் தீர்மானிப்பது அமாவாசையும் பௌர்ணமியும் அல்ல. நிலா நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே. அந்த விலகல் ஏறக்குறைய 13.6 நாளுக்கு ஒருமுறை உச்சம் தொடும். அந்நாள்களில் ஓத வீச்சு பெரியது. வெள்ளுவா, காருவா கணக்கில் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை இங்கே அப்படியே பொருத்தினால் நாள் தப்பும். உள்ளூர் ஓத அட்டவணையைத்தான் நம்ப வேண்டும். தென்காற்றும் வடகாற்றும் நீர்மட்டத்தை அட்டவணைக்கு மேலும் கீழும் தள்ளுவதால் காற்றின் திசையையும் சேர்த்துப் பாருங்கள்.

நீர் ஏறும்போது கல்ஃப் கில்லி ஓடைகளை விட்டு ஸ்பார்ட்டினா என்ற சதுப்புப் புல் நிற்கும் மேட்டுக்குள் நுழைகிறது. அங்கே சிறு இறால்வகை உயிரிகள், புழுக்கள், சின்ன ஃபிட்லர் நண்டுகள், பூச்சிகள், கொசுப்புழுக்கள் எல்லாம் அதற்கு உணவு. பாசியும் மட்கும்கூட வயிற்றில் இருக்கும். குடல் கிட்டத்தட்டக் காலியாகப் போகும் மீன் நிறைந்து திரும்பும். மேட்டுக்குள் போக முடியாத நாளில் ஓடையில் கிடைப்பது அதற்குப் போதாது.

நீர் வடியும்போது ஓடை வாயில் செம்மீன் (ரெட்ஃபிஷ்), புள்ளி ட்ரவுட், ஃப்ளவுண்டர் ஆகிய பெரிய மீன்கள் காத்திருக்கின்றன, கரையில் கொக்கும் நாரையும். புல் மேட்டில் விளைந்த புழுவும் நண்டும் இந்தச் சின்ன மீனின் உடலில் ஏறித்தான் திறந்த நீருக்குப் போகின்றன. பெரிய மீன் ஒருபோதும் நுழைய முடியாத விரற்கடை ஆழ நீரிலிருந்து வரும் உணவு அது. இந்தக் கடத்தலே இந்த மீனின் முதல் மதிப்பு. இரைக் கடைக்காரரின் வருமானம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

உடல்திறனும் அந்த இடத்துக்கு ஏற்றதே. நன்னீரிலும் தாக்குப்பிடிக்கும், கடல்நீரைப் போல் இருமடங்கு உப்பான குட்டையிலும் பிழைக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் நீரின் மேல்தோலுக்கு வந்து, காற்றைத் தொட்டு நிற்கும் மெல்லிய நீரடுக்கைச் செவுளுக்கு இழுக்கும். மேல்நோக்கிய வாயும் தட்டைத் தலையும் அதற்கு உதவுகின்றன.

மூன்றாம் படி: பொறி வைத்துப் பிடித்தல்

முதலில் அனுமதி. சொந்தத் தூண்டிலுக்குப் பிடிப்பதற்கும் விற்பதற்குப் பிடிப்பதற்கும் விதி வேறு. மாநிலத்துக்கு மாநிலமும் வேறு. லூசியானாவில் வனவிலங்கு மற்றும் மீன்வளத் துறையிடம் அந்த ஆண்டின் விதியைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

பொறி என்பது இரு முனையிலும் உள்நோக்கிய புனல் கொண்ட உருளைக் கம்பிக்கூடு. 6 மி.மீ. வலைக்கண், 2.5 முதல் 3 செ.மீ. வாய் போதும். வாய் அதைவிடப் பெரிதானால் நீல நண்டு நுழைந்து உள்ளே இருப்பதையெல்லாம் நறுக்கிவிடும். உள்ளே உடைத்த நண்டு, மீன் கழிவு அல்லது நாய்த் தீவன உருண்டை ஒரு கைப்பிடி. இரையைச் சிறு வலைப்பையில் கட்டிப் போடுங்கள். தளர்வாகப் போட்டால் மீன் தின்றுவிட்டு வெளியேறும் வழியைத் தேடும்.

நீர் வடியத் தொடங்கும் வேளையில், சதுப்பிலிருந்து வரும் சிற்றோடை வாயில், நீரோட்டத்துக்கு இணையாகப் படுக்கவைத்துக் கயிற்றைக் கழியில் கட்டுங்கள். கூட்டின் மேற்பகுதி இரண்டு விரல் அளவு நீருக்கு வெளியே தெரிய வேண்டும். இது மிக முக்கியம். முழுக்க மூழ்கிய கூட்டில் அடைபட்ட நூறு மீன்கள் இருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். மேலே வந்து மூச்சிழுக்க இடமில்லாமல் மொத்தமும் சாகும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் தூக்குங்கள். கோடையில் இரவு முழுக்க விட்டுவைக்கவே கூடாது, ஏனெனில் சதுப்பு ஓடையில் ஆக்ஸிஜன் விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் தாழும். கடுங்குளிரில் மீன் ஆழமான இடத்துக்கு ஒதுங்கி, தின்பதைக் குறைத்துவிடுவதால் பொறியில் விழுவதும் குறையும்.

6 செ.மீ.க்குக் குறைந்ததை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். கூட்டைக் கயிறறுந்து போக விடாதீர்கள். கைவிட்ட கூடு துருப்பிடித்து உடையும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும்.

நான்காம் படி: உயிரோடு வைத்திருத்தல், கொண்டுபோதல்

ஒரு லிட்டர் நீருக்கு 10 முதல் 15 கிராம் மீன், நல்ல காற்றூட்டம், 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். பிடித்த இடத்து நீரின் உப்பளவையே தொட்டியிலும் முதல் நாள் வையுங்கள். உப்பு மாற்றத்தை இந்த மீன் தாங்கும். ஆனால் வலை உரசி, செதில் உதிர்ந்து, வெப்பமும் மாறியிருக்கும் அதே மணி நேரத்தில் உப்பையும் மாற்றினால் இரண்டு மூன்று நாளில் வால் வெளுத்துச் சாகும். வெப்ப வேறுபாடு 5 டிகிரிக்கு மேல் இருந்தால் அரை மணி நேரமாவது கலந்து கலந்து ஏற்றுங்கள்.

குழாய்நீரில் குளோரின் இருக்கும். சோடியம் தயோசல்ஃபேட் போடாமல் ஊற்றக் கூடாது. பயணத்துக்கு முன் 24 மணி நேரம் தீவனம் நிறுத்துங்கள். நிறைந்த குடலோடு ஏற்றினால் பையில் அம்மோனியா ஏறும். பிளாஸ்டிக் பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி தூய ஆக்ஸிஜன்.

ஐந்தாம் படி: சினைமீன் தொட்டியும் முட்டைப்பாயும்

சதுப்பிலிருந்து பிடிப்பதை மட்டும் நம்பினால் வரத்து ஏறி இறங்கும். அதனால்தான் அலபாமாவின் கல்ஃப் ஷோர்ஸில் உள்ள கிளாட் பெட்டீட் கடல்வளர்ப்பு மையத்தில் 1970களிலிருந்தே இதைக் குளத்தில் வளர்க்கும் முறைகளைச் சோதித்தார்கள். பின்னர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் மையம் முட்டையைக் காற்றில் அடைகாக்கும் முறையைச் செப்பனிட்டது.

1,000 லிட்டர் தொட்டிக்கு 30 பெண், 15 ஆண். ஆண் மிகுந்தால் ஒன்றையொன்று துரத்தி முட்டையையும் குலைக்கும். லிட்டருக்கு 5 முதல் 12 கிராம் உப்பு, 24 முதல் 28 டிகிரி, நாளுக்கு 13 முதல் 14 மணி நேர வெளிச்சம். 35 முதல் 40 சதவீதப் புரதமுள்ள தீவனம், உடல் எடையில் 3 சதவீதம், இருவேளையாக.

இயற்கையில் இது உயர் ஓத நாள்களில் புல்லின் அடித்தூரிலும் காலிச் சிப்பியிலும் முட்டையிடும். தொட்டியில் அந்த இடத்தைப் பிடிப்பது தென்னைநாரும் லேட்டெக்ஸும் சேர்த்து அழுத்திய பாய். 60க்கு 40 செ.மீ. அளவில் வெட்டி, கம்பிச்சட்டத்தில் விரித்து, நீர்மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே படுக்கையாக நிறுத்துங்கள். தரையில் போட்டால் கழிவு படிந்து முட்டை அழுகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பாயை மாற்றுங்கள். அதற்குமேல் விட்டால் பெற்ற மீனே முட்டையைத் தின்னும். இந்த இழப்பு கண்ணில் படாது, “சினைமீன் சரியில்லை” என்றுதான் தோன்றும்.

ஆறாம் படி: முட்டையைக் காற்றில் அடைகாத்தல்

மொத்தத் தொழிலின் சாரமும் இங்கேதான் இருக்கிறது. முட்டை ஏறக்குறைய 2 மி.மீ. விட்டம், பிசுபிசுப்பு இழையோடு ஒட்டியிருக்கும். இயற்கையில் உயர் ஓதம் வடிந்தபின் அது ஈரப்புல்லின் இடுக்கில், நீருக்கு வெளியே வளர்கிறது. அடுத்த உயர் ஓதம் வந்து மூழ்கடித்ததும், நீரில் கிடைக்கும் ஆக்ஸிஜன் காற்றைவிடக் குறைவு என்பதைக் கரு உணர்ந்து ஓட்டைக் கரைக்கும் நொதியை விடும்; குஞ்சு வெளிவரும். நாம் செய்ய வேண்டியது அந்த இரண்டு வாரத்தை ஒரு பெட்டிக்குள் நடத்துவதுதான்.

பாயை எடுத்து உப்புநீரில் மெல்ல அலசி, முட்டைகளைத் தட்டி உதிர்த்துக்கொள்ளுங்கள். 1 செ.மீ. தடிமனுள்ள இரு நுரைப்பஞ்சுத் தகடுகளை லிட்டருக்கு 7 முதல் 10 கிராம் உப்புள்ள நீரில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழியுங்கள். ஒன்றின்மேல் முட்டையை ஒற்றை அடுக்காகப் பரப்பி மற்றதால் மூடி, சிறு துளைகள் இட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். மேலே தேதி எழுதுங்கள். 25 டிகிரியில் சுமார் இரண்டு வாரம். 20 டிகிரியில் மூன்று வாரத்துக்கு மேலும் போகும்.

தினமும் ஒருமுறை திறந்து, வெள்ளையாகிப்போன முட்டைகளை இடுக்கியால் எடுத்துவிடுங்கள். ஒரு செத்த முட்டையில் பிடித்த பூஞ்சை மறுநாள் பக்கத்திலுள்ள பத்தைப் போர்த்திவிடும். நுரைப்பஞ்சு தளும்ப ஈரமாக இருந்தால் நீரில் மூழ்கியது போலவே ஆகி, பாதி வளர்ந்த கருவும் பெட்டிக்குள்ளேயே பொரித்துச் சாகும். காய்ந்தால் முட்டையின் ஒரு பக்கம் குழிந்து உள்வாங்கும். குழியைக் கண்டதும் உடனே நீர் தெளித்தால் பல பிழைத்துக்கொள்ளும்.

தயாரானதை எப்படி அறிவது? கரு மஞ்சள்கருவைச் சுற்றிச் சுருண்டிருக்கும், கண் கறுத்து அதைச் சுற்றி உலோகப் பளபளப்பு வளையம் தெரியும். பத்து முட்டையை 25 டிகிரி நீருள்ள கண்ணாடிக் குவளையில் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலானவை பொரித்தால் மற்றவற்றையும் இறக்கலாம். இரண்டோ மூன்றோ மட்டும் பொரித்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். சீக்கிரம் இறக்கினால் பெரிய மஞ்சள்கருப் பையோடு நீந்த முடியாத குஞ்சு வரும். வெகுநாள் தள்ளிப்போட்டால் சேமிப்பு முழுதும் தீர்ந்த மெலிந்த குஞ்சு.

இதில் ஒரு பெரும் வசதி உண்டு. தயாரான கரு சில நாள்கள் காத்திருக்கும். முந்தைய பெட்டிகளை 20 டிகிரியிலும் பிந்தியவற்றை 27 டிகிரியிலும் வைத்து, ஒரு வாரத்துச் சேகரிப்பு முழுவதையும் ஒரே காலையில் பொரிக்க வைக்கலாம். ஒரே வயது, ஒரே அளவுக் குஞ்சுகள் கிடைப்பதால் ஒன்றையொன்று தின்பது பெரிதும் குறையும். வளர்ப்பில் ஏற்படும் இழப்பில் பெரும்பங்கு அதனால்தான்.

பொரிக்க வைக்கும் தட்டில் 5 செ.மீ. நீர் போதும். காற்றுக் குழாயை முதலில் நிறுத்திவையுங்கள். கையால் மெல்லக் கலக்கிவிடுங்கள். குஞ்சு வந்தபின் காற்றூட்டத்தைத் திறங்கள். முதலிலேயே காற்றுக்கல்லைப் போட்டுவிட்டு “முட்டை பொரிக்கவில்லை” என்பவர்கள் பலர்.

ஏழாம் படி: குஞ்சு வளர்ப்பு

குஞ்சு பெரியது, வாயும் அதற்கேற்ப அகலம். 50 சதவீதப் புரதமுள்ள தூள் தீவனத்தை முதல் நாளே ஏற்கும். நாளுக்கு நான்கைந்து தடவை சிறிதுசிறிதாகத் தூவுங்கள். ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் உயிரி கிடைத்தால் முதல் வாரம் கொடுங்கள், வளர்ச்சி கூடும். மிகத் தாழ்ந்த உப்பில் குஞ்சு நிற்பதில்லை. லிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழே போகாதீர்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை இணைக்கம்பிச் சல்லடையால் அளவு பிரியுங்கள். குளத்தில் விடுவதென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 20 மீன், 32 சதவீதப் புரதத் தீவனம். வெதுவெதுப்பான காலத்தில் மூன்று மாதம் அல்லது சற்று மேல் எடுத்து விற்பனை அளவுக்கு வரும். குளத்திலேயே அது மீண்டும் முட்டையிட்டுப் பல அளவுக் குஞ்சுகளைச் சேர்த்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மீன் மேலே வந்து பக்கவாட்டில் உரசிக்கொண்டு, செவுள் வேகமாக அடித்து, தோலில் வெல்வெட்டுத் தூசி படிந்தாற்போலிருந்தால் அமிலூடினியம் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் ஒரே வாரத்தில் தொட்டியைக் காலி செய்யக்கூடியது. தாமிர மருந்து உண்டு. அளவுமானி இல்லாமல் ஊற்றினால் மருந்தே கொல்லும். புதிதாகப் பிடித்த மீனை மூன்று வாரம் தனியே வைப்பதே மலிவான தடுப்பு.

எட்டாம் படி: கணக்குப் போடுதல்

மாதம் 10,000 மீன் விற்க நினைத்தால் பின்னிருந்து கணக்கிடுங்கள். முட்டையிலிருந்து 60 சதவீதம் பொரிக்கும், பொரித்ததில் 70 சதவீதம் விற்பனை அளவைத் தொடும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 23,800 முட்டை வேண்டும். ஒரு பெண்மீன் சராசரியாக நாளுக்கு 10 முட்டை இடுவதாக எடுத்தால் 80 பெண், 40 ஆண், மூன்று தொட்டி. இவை திட்டமிடுவதற்கான எண்கள். முதல் மாதத்திலேயே உங்கள் சொந்த எண்ணால் மாற்றுங்கள். இந்த இனம் ஒரு தவணைக்கு இடும் முட்டை குறைவு. ஆகவே தீவனச் செலவைவிட முட்டை சேகரிக்கும் கூலியே கணக்கைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும்.

விலைக்கு ஆதாரம் உயிர்த்திறன். உயிர் இறால் வாளியில் சீக்கிரம் சாகும், பின்ஃபிஷ் என்ற சிறுமீனும் அதைக் கொத்திக்கொண்டு போய்விடும். கோகஹோ தூண்டிலில் நெடுநேரம் துடிக்கும். கீழ்த்தாடையிலிருந்து மேல்தாடை வழியாக முள்ளை ஏற்றி, ஃப்ளவுண்டருக்கு அடித்தரையோடு இழுப்பார்கள். மிதவைக்கு முதுகுத் துடுப்புக்கு முன்னால் குத்துவார்கள். இதன் வடிவில் ரப்பர் இரைகூட இதே பெயரில் விற்கிறது. 7 முதல் 9 செ.மீ. அளவை ஒன்றாகவும், பெரியதைச் செம்மீன் பிடிக்கிறவர்களுக்குத் தனியாகவும் பிரித்துக் கொடுங்கள். மீந்த மீனை வேறு நீர்நிலையில் விட வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். நோயும் பரவும், உள்ளூர் இனமும் கலக்கும்.

ஒன்பதாம் படி: மீனை வைத்துச் சதுப்பை அளவிடுதல்

ஒரு சிற்றிடத்தையே சுற்றிவாழும் மீன் என்பதால், அந்த இடத்துக்கு நேர்ந்தது அதன் உடலில் பதிந்திருக்கும். 2010 ஏப்ரலில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கசிவுக்குப் பின் லூசியானாவின் எண்ணெய் படிந்த சதுப்புகளில் பிடித்த கல்ஃப் கில்லிகளின் செவுளில் சிதைவும் மரபணு இயக்கத்தில் மாற்றமும் தெரிந்தன. அந்த வண்டலில் வளர்த்த கருக்கள் சரியாகப் பொரிக்கவில்லை. ஹூஸ்டன் கப்பல் கால்வாயில் நச்சைத் தாங்கும் கூட்டம் ஒன்று உருவானது. அந்தத் தாங்குதிறனுக்கான மரபணுத் துண்டு மம்மிச்சாக்கிலிருந்து கலப்பினத்தின் வழியே வந்தது என்று 2019இல் காட்டினார்கள். இதை ஆறுதலாக எடுக்கக் கூடாது. அந்த மீன் பிழைத்துக்கொண்டாலும் அதைத் தின்னும் மீனுக்கு நச்சு போய்ச் சேருகிறது.

நச்சைவிடப் பெரிய ஆபத்து நிலம் கரைவது. 1932 முதல் 2016 வரை லூசியானாக் கரை ஏறக்குறைய 4,800 சதுர கி.மீ. நிலத்தை இழந்தது. சதுப்பு உடையத் தொடங்கும்போது ஓடையும் விளிம்பும் கூடுவதால் சில ஆண்டுகள் மீன் குறையாததுபோலவே தெரியும். புல் மேடு தீர்ந்தபின் மேயவும் முட்டையிடவும் இடமிருக்காது. எனவே பொறி எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் “சதுப்பு நலம்” என்று எழுதுவது தவறு.

சதுப்பு மீட்புப் பணியைக் கண்காணிக்கிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். ஒரே வகைப் பொறி, ஒரே இரை, ஒரே ஒரு மணி நேரம். ஓடை விளிம்பில் ஐந்து, புல்லுக்குள் 5 மீட்டர் தள்ளி ஐந்து. மாதம் இருமுறை, பெரிய ஓத வீச்சுள்ள நாளிலும் சிறிய வீச்சுள்ள நாளிலும். நீளம், எடை, ஆணா பெண்ணா என்பது, வெப்பம், உப்பு, ஆக்ஸிஜன் எழுதுங்கள். மீட்புப் பணியில் புதிதாக மண் கொட்டி எழுப்பிய மேட்டில் விளிம்பில் மீன் நிறைந்தும் உள்ளே ஒன்றுமில்லாமலும் இருந்தால், மேடு அதிக உயரம் அல்லது நீர் நுழையச் சிற்றோடை இல்லை. மண் முழுவதும் இறுகும்முன் சிற்றோடைகளை வெட்டிவிட்டு, அடுத்த உயர் ஓதத்தில் அதே பத்துப் பொறிகளை அதே இடங்களில் மறுபடி வையுங்கள்.